நீலப் பெட்டிக்கு வைத்த ஏசி

“அந்த அமெரிக்கா சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கப்பா” என்று நீ மூன்று தடவை சொல்லிவிட்டாய், மகளே. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாய். அமெரிக்கா போக ஏஜென்ட் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறாய். அப்பா நான்கு வருஷம் ஓர் அமெரிக்கருக்கு வண்டி ஓட்டியவன். அவருடைய தங்கை அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக உன்னிடம் ஒரு காலத்தில் பெருமையடித்ததும் நான்தான். நீ கேட்பதில் தப்பு இல்லை. மூன்று தடவையும் “சிக்னல் கட்டாகுது மக்ளே” என்று சொல்லி போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டான், புரியும். நான் ஒன்பதாவதோடு நின்றவன், தப்பும் தவறும் இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே சவுதியில், அல் கோபாரில் எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு இன்சூரன்ஸ் அட்டை உண்டு. வெளிநாட்டு ஆள் யாரை வேலைக்கு வைத்தாலும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். போட்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையின் மூலையில் ஒரு எழுத்து இருக்கும். பெரிய அதிகாரிகளுக்கு வி.ஐ.பி., இன்ஜினியர்களுக்கு ஏ, ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு பி. டிரைவர், ஹெல்பர், பிளம்பர் எல்லோருக்கும் சி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எந்த வாசல் வழியாக நுழையலாம், நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கெல்லாம் இன்சூரன்ஸ்காரனின் அப்ரூவலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த எழுத்துதான் சொல்லும். டாக்டர் “இந்த சோதனை எடு” என்று எழுதினால் போதாது. எங்கோ கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் ஒருவன், என்னைப் பார்க்காமலே, “சரி, எடுத்துக்கோ” என்று சொல்ல வேண்டும்.

முதல் அட்டை கைக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். பர்சில் உங்கள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாருடைய மனைவியின் அட்டையைப் பார்த்த அன்றிலிருந்துதான் அந்த ‘சி’ என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

சார் கம்பெனியில் பாதுகாப்பு ஆலோசகர். சைட்டில் யாரும் விழாமல், எரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற வேலை. உயரமான மனிதர், நரைத்த மீசை. மற்ற பெரியவர்களெல்லாம் பின்சீட்டில் உட்காருவார்கள். இவர் முதல் நாளே முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்சீட் மேடத்துக்கு. எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டு வருவார். எனக்கு ஆங்கிலம் பேச வராது என்றாலும் காது கேட்டுப் பழகியது. முக்கால்வாசி புரியும்.

மேடத்துக்கு முடக்குவாதம். கை விரல் கணுக்களெல்லாம் வீங்கி, காலையில் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தவராம். அதற்கு ஒரு ஊசி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் தானே போட்டுக்கொள்வார். அந்த ஊசியால்தான் அவர் சாதாரணமாக நடமாடினார். அவர்கள் குடியிருந்த கம்பவுண்டு நீச்சல் குளத்தில் நீந்துவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஊசியை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வாங்கி வருவது என் வேலை. அது சூடாகக் கூடாது. அதற்கென்று கைப்பிடி வைத்த ஒரு நீலப் பெட்டி, உள்ளே ஐஸ் பாக்கெட். ஜூலை மாதம் வெளியே நெருப்பு. பெட்டியை முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, ஏசி காற்று அதன் மேலேயே விழும்படி திருப்பி வைத்துக் கொண்டுவருவேன். என் பக்கத்துக் காற்றையும் அந்தப் பக்கமே திருப்புவேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்து! மருந்தகக் கவுண்டரில் மேடத்தின் தங்க நிற வி.ஐ.பி. அட்டையை நீட்டினால் போதும். கையெழுத்து, நன்றிக்கு ஒரு ‘ஷுக்ரன்’, முடிந்தது. பில்லில் அச்சாகியிருந்த எண்ணை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். என் ஒரு வருஷத்து வேர்வை அதற்குள் இருந்தது. சார் கட்டியது ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு முதுகு வலி ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். வாயைத் திறந்து கேட்டே விட்டேன்.

“சார், உங்க ஊர்ல ஆஸ்பத்திரி எல்லாம் ஃப்ரீயா சார்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சார் என் தோளைத் தட்டி விளக்கமாகச் சொன்னார். அங்கேயும் இங்கே போலத்தான், வேலையோடு அட்டை வரும். முன்னொரு பெரிய யுத்த காலத்தில் ஆட்களுக்குச் சம்பளத்தைக் கூட்டக் கூடாது என்று அவர்கள் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டதாம். ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இழுக்க ஆரம்பித்தனவாம். யுத்தம் முடிந்தும் அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். அறுபத்தைந்து வயது நிரம்பினால் அரசாங்கமே ஒரு அட்டை கொடுக்கும். ஏழைகளுக்கும் ஏதோ ஒரு ஏற்பாடு உண்டு. நடுவில் இருப்பவன் வேலையை விட்டால், அட்டையைக் கடையில் சாமான் வாங்குவதுபோல் தானே வாங்க வேண்டும். வயது கூடக் கூட விலையும் கூடும். வாங்கிய பிறகும் வருஷா வருஷம் முதலில் ஒரு பெரிய தொகையை நாமே கட்டி முடித்தால்தான் அட்டை முழுசாக வேலை செய்ய ஆரம்பிக்கும்.

“நோய் இருந்தா குடுக்க மாட்டாங்களா சார்?”

“முன்னால் அப்படித்தான். இப்போது சட்டம் வந்துவிட்டது, மறுக்க முடியாது. ஆனால் எந்த மருந்துக்குப் பணம் தருவோம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.”

மேடம் பின்னாலிருந்து தன் விரல்களை ஆட்டிக் காட்டினார். “இந்த ஊசிக்காகத்தான் நான் இந்த வெயிலைச் சகித்துக்கொள்கிறேன்” என்றார்.

நான் நம்பினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. உலகத்துக்கே பணக்கார ஊர், அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் ஏர்போர்ட்டில் சல்யூட் அடிக்கிறார்கள், அவனுக்கு ஆஸ்பத்திரிக்கு வழியில்லையாம் என்று ரூமுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். “காசு இருக்கிறவன் அழுவுற மாதிரி எவனும் அழ மாட்டான் அண்ணே” என்றான் ஒருவன். அது எனக்கு இனிப்பாக இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு வண்டியில் அவர்கள் பேசியது எனக்கு நன்றாகப் புரிய ஆரம்பித்தது. மாதம் பிறந்தால் மேடம் பின்சீட்டிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். பதினேழு. அடுத்த மாதம் பதினாறு. எங்கள் கேம்பில் லீவுக்கு நாள் எண்ணுகிற மாதிரி. மேடத்துக்கு அறுபத்தைந்து நிரம்ப இன்னும் எத்தனை மாதம் என்பதுதான் கணக்கு. அதுவரை சார் வேலையில் இருந்துவிட்டால் ஊசி ஒருநாள்கூடத் தவறாது. மேடத்தின் வி.ஐ.பி. அட்டை முடிகிற அன்றே அரசாங்க அட்டை கையில் இருக்கும். கம்பெனியிடமோ இன்னும் மூன்று வருஷம் இருப்பேன் என்று சார் சொல்லியிருந்தார். கம்பெனி அதை நம்பித்தான் அவருக்குப் புது பிராஜெக்ட் கொடுப்பதாக இருந்தது.

இங்கே டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டியில் கேட்டதை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். டிரைவருக்குத் தெரியாத ரகசியம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. யார் விலகப் போகிறார், யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் தெரியும். அதனால்தான் அந்தச் சட்டம். பார்க்கிங்கில் எங்களோடு உட்காருகிற பெஷாவர் பாய், எங்கள் கம்பெனியின் இன்னொரு ஆலோசகருக்கு வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் நோண்டிக் கேட்டால் “மாஃபி, மாஃபி”, ஒன்றுமில்லை என்று கையை உதறிவிடுவார். நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

அன்று காலை என்ன நடந்தது என்றால், மேடத்துக்கு டாக்டர் பார்க்கும் நாள். என் முதுகுக்கும் அதே ஆஸ்பத்திரியில் அன்றே நாள் கிடைத்திருந்தது. சார் சைட்டுக்குப் போய்விட்டார். மேடத்தைக் கண்ணாடிக் கதவு வாசலில் இறக்கிவிட்டேன். அவருக்கு என்று தனி ஹால். சோபா, பேரீச்சம்பழம், சின்னக் கோப்பையில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி. நான் வண்டியைப் போட்டுவிட்டு, பின்பக்கம் சுற்றி, சி கிளாஸ் பார்க்கும் பகுதிக்குப் போனேன். டோக்கன் எடுத்தேன். உட்கார இடம் இல்லை. முதுகு வலிக்காரன் ஒன்றேமுக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். டாக்டர் நல்லவர், எகிப்துக்காரர். முதுகைத் தட்டிப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று எழுதினார்.

அப்ரூவலுக்காக உட்கார்ந்திருந்தபோது மேடம் வேலை முடிந்து என்னைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமே வந்துவிட்டார். “உனக்கு என்ன உடம்புக்கு?” என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். கையில் புது ஊசிப் பாக்கெட். அந்த நேரம் பார்த்து என் போனில் மெசேஜ். ‘நிராகரிக்கப்பட்டது. முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி.’

நான் மெசேஜை மூடினேன். ஊசிப் பாக்கெட்டை வாங்கி நீலப் பெட்டியில் வைத்தேன், பெல்ட் போட்டேன், ஏசியைத் திருப்பினேன். வண்டியில் ஏறும்போது முதுகில் கத்தி சொருகினது போல் இருந்தது. மேடம் பின்னால் உட்கார்ந்து சன்னமாக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மேடத்தைக் கம்பவுண்டில் விட்டுவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். அங்கே இன்சூரன்ஸ் வேலைகளைப் பார்க்கிறவர் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்ரூவலுக்கு அலைகிறவர்களெல்லாம் அவர் மேஜையைத்தான் சுற்றுவோம்.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி முழ நீளத்துக்குத் தொங்குது?”

“தள்ளிட்டான்வே உங்க ஆளு. எக்சர்சைஸ் பண்ணச் சொல்லுதான். நாளு முழுக்க வண்டியில உக்காந்திருக்கவனுக்கு எக்சர்சைஸு!”

“சி கிளாஸ்ல எம்.ஆர்.ஐ. கேட்டா பின்ன என்ன சொல்லுவான்? மொத வாட்டி தள்ளுவான். ரெண்டாம் வாட்டி யோசிப்பான். மூணாம் வாட்டி கேக்கதுக்குள்ள ஒமக்கே வலி போயிரும்.”

“அந்தம்மாவுக்கு மட்டும் கேட்ட ஒடனே தூக்கிக் குடுக்கான?”

“அதைக் கேக்காதீயும் அண்ணாச்சி, வயித்தெரிச்சல்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த மாசம் பாலிசி புதுப்பிக்கணும். போன வருஷம் நாம எவ்வளவு சாப்பிட்டோம்னு பாத்துதான் இந்த வருஷம் எலைக்கு வெல சொல்லுவான். பந்தியில ஒரே ஆளு பத்து பேரு சோத்தைச் சாப்பிட்டா, பந்திக்கே வெல ஏறுமா இல்லையா? அந்த ஒரு ஊசிக்குத்தான் வி.ஐ.பி. கிளாஸ் முழுக்க வெல ஏறுது. மேனேஜர் என்னையப் போட்டுக் குடையுதாரு.”

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்கலாம்.

“சாரு எதுக்கு இங்க கெடக்காருன்னு நெனைக்கீரு?” என்றேன். “வேலை மேல உள்ள ஆசையிலயா? அந்த ஊசிக்குத்தான்வே. பதினாலு மாசம். அந்தம்மாவுக்கு அறுபத்தஞ்சு ஆவும், அவங்க கவர்மெண்டு அட்டை குடுக்கும், மறுநாளே பெட்டியக் கட்டிருவாரு. மூணு வருஷம் இருப்பேங்கிறதெல்லாம் சும்மா.”

அவர் தட்டிக்கொண்டிருந்த கீபோர்டை நிறுத்தினார். “ஒமக்கு யாரு சொன்னா?”

“நான்தான வண்டி ஓட்டுதேன்.”

இதை எழுதும்போதும் அந்த வார்த்தை என் வாயில் இருக்கிறது. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அந்தம்மாவின் ஊசியைப் பிடுங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக. அவர்களும் கொஞ்சம் கீழே இறங்கி, ஒரு டோக்கன் எடுத்து, ஒன்றேமுக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்றுதான் ஆசைப்பட்டேன். சொன்னதும் முதுகு வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் என் எம்.ஆர்.ஐ.க்கு அப்ரூவல் வந்தது. ஆறு வாரமும் இல்லை, பிசியோதெரபியும் இல்லை. நான் கேட்கவில்லை, ஆனால் வந்தது. அது எதற்கு வந்தது என்று இன்றுவரை அவரிடம் கேட்கவும் இல்லை. அந்தக் குழாய்க்குள் படுத்துக் கிடந்தபோது டமடமவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எலும்புத் தட்டு ஒன்று விலகியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்தார்கள். நான் இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறேன் என்றால் அந்த சோதனைதான் காரணம்.

அதற்கு அடுத்த வாரம் சார் மேனேஜர் ரூமில் இருந்து வெளியே வந்தார். நான் வழக்கம்போல் முன்கதவுப் பக்கம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இடம் ஒதுக்கினேன். அவர் பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தார்.

கடலோரக் கார்னிஷ் ரோடு சிக்னலில் நின்றபோதுதான் பேசினார். கோபம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். “பதினான்கு மாதமாமே என்று மேனேஜர் கேட்டார். யார் சொன்னது என்று கேட்டேன். ‘உன் டிரைவருக்கே தெரியுமே’ என்றார்.”

கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுத்தேன். சாரி சார் என்ற இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியாதா என்ன? தினமும் பத்து பேரிடம் சொல்கிற வார்த்தை. வரவில்லை.

மூன்று வாரத்தில் அவருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். வேலை குறைகிறது, இரண்டு ஆலோசகரில் ஒருவர் போதும் என்று காரணம் சொன்னார்கள். வேலை நிஜமாகவே குறைந்திருந்தது. நான் சொல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் போயிருக்க வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பார்த்தேன். ஆனால் இரண்டு பேரில் இவரை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொருவர் ஐந்து வருஷம் இருப்பேன் என்று சொல்லித் தப்பித்தார். அவரும் ஊரில் வீடு கட்டி முடித்துக் கிளம்பத் தயாராக இருந்தவர்தான். ஒரே வருஷத்தில் போயும் விட்டார். பெஷாவர் பாய்க்கு அது முன்பே தெரியும். அந்த மனுஷன் கடைசிவரை “மாஃபி”தான்.

சாருக்கு நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நான்தான் வண்டி ஓட்டினேன். வேறு டிரைவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மாதம் பிறந்தது. மேடம் எண்ணைச் சொல்லவில்லை. நான் மனசுக்குள் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டேன்.

அவர்களை ஒரு காலை நேரத்தில் தம்மாம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். கடைசியாகக் கிடைத்த ஊசிகளை நீலப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எத்தனையோ நடை அந்தப் பெட்டியைச் சுமந்தவன் நான். டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு, நீலப் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தேன். மேடம் என் கையை விலக்கவில்லை. நான் கையை எடுக்கும்வரை நின்றார். பிறகு தானே தூக்கிக்கொண்டார். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். சார் எனக்குக் கை கொடுத்தார். “முதுகைப் பார்த்துக்கொள்” என்றார். அவ்வளவுதான். என் முதுகு விஷயம் அவருக்கு எந்த அளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அப்போதாவது பொறாமை விட்டதா என்று நீங்கள் கேட்கலாம். திரும்பி வரும்போது பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. ஏசியை என் பக்கம் திருப்பி வைத்தேன். அவனுக்கென்ன, சொந்த வீடு, அமெரிக்கா பாஸ்போர்ட், பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் வண்டி ஓட்ட முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினேன். கீழே, மேடத்தின் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நான்கு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்தது. கடையில் அட்டை வாங்கிவிட்டார்களாம். சார் அங்கே எங்கோ பாதி நேர வேலை பார்க்கிறாராம், அந்த அட்டைக்குச் சந்தா கட்டத்தான். ஆனால் அந்த இன்சூரன்ஸ்காரன் ஊசிக்குச் சம்மதிக்கவில்லையாம். முதலில் விலை குறைந்த பழைய மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டுப் பார், அது கேட்கவில்லை என்று நிரூபித்தால் பிறகு ஊசியைப் பற்றிப் பேசலாம் என்று எழுதிவிட்டானாம். கொண்டுபோன ஊசிகளை இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரத்துக்கு ஒன்றாக இழுத்துப் போட்டு, அதுவும் தீர்ந்துவிட்டதாம். கடைசியில் ஒரு வரி: ‘அவள் இப்போது இடது கையால் சாப்பிடுகிறாள்.’

ஆறு வாரம் பிசியோதெரபி என்று என் போனில் வந்த மெசேஜை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அந்தம்மா சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் இல்லையா, நின்றார்கள்.

பிறகு நான் மாதம் பிறந்தால் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு, ஐந்து, நான்கு. என் லீவுக்குக்கூட அப்படி எண்ணியதில்லை. கணக்குப்படி நாள் வந்த வாரத்தில் மேடத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. ஒரு படம். அட்டை வந்துவிட்டது. எண்ணின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துப் பிடித்து எடுத்த படம். நான் தங்க நிறத்தில் எதிர்பார்த்தேன். வெறும் காகித அட்டை. சிவப்பும் நீலமுமாய் கோடு போட்டது. பிடித்திருந்தது மேடத்தின் கைதான். அந்தக் கட்டை விரலின் கணு எலுமிச்சம்பழம் போல் வீங்கியிருந்தது. இந்த வருஷத்து வீக்கம் ஊசி மறுபடி போட்டாலும் முழுசாக வடியாதாம், டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து வெகு நேரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒரு நிம்மதி. எதையும் மறைக்காமல் எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன், அதனால் அடுத்து வந்ததையும் எழுதுகிறேன். அறுபத்தைந்து வயதானால் அரசாங்கமே தேடி வந்து கொடுக்கிற அட்டை. சாகிறவரைக்கும் செல்லும். எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது. நான் வேலையை முடித்து, எக்ஸிட் விசா அடித்து ஊருக்குக் கிளம்புகிற அன்று என் சி கிளாஸ் அட்டையை அந்தத் திருநெல்வேலிக்காரர் மேஜையில் ஒப்படைக்க வேண்டும், அவர் கத்தரியால் என் முன்னாலேயே இரண்டாக வெட்டிப் போடுவார், அதுதான் முறை. விலகிய எலும்புத் தட்டு மட்டும் என்னோடு வரும். அந்தம்மாவின் வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டே அந்தக் காகிதத்துக்காகப் பொறாமைப்பட்டேன். அந்த விரல் வீங்கியதில் எனக்குப் பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டே.

உன் மேலேயும் கொஞ்சம் பொறாமைதான், மகளே. நீ அங்கே போனால் உனக்கும் வேலையோடு ஒரு அட்டை வரும். ஏஜென்ட் சம்பளத்தைத்தான் பெரிதாகக் காட்டுவார். நீ அட்டையைப் பற்றிக் கேள். என்னவெல்லாம் செல்லும், முதலில் எவ்வளவு உன் கையிலிருந்து, வேலையை விட்ட மறுநாள் அது என்ன ஆகும் என்று கேள். நான் கேட்டுச் சிரித்த விஷயங்கள் இவை.

சாருடைய நம்பரைக் கீழே எழுதவில்லை, தனியாக அனுப்புகிறேன். நான் உனக்காகக் கேட்க மாட்டேன், அதற்கு எனக்கு வாய் இல்லை. நீயே எழுது. அல் கோபாரில் உங்களுக்கு வண்டி ஓட்டியவரின் மகள் என்று மறைக்காமல் எழுது. அவருக்கு உடனே ஆள் தெரியும். முதலிலேயே உதவி கேட்காதே, மேடத்தின் கை எப்படி இருக்கிறது என்று கேள். நீ நர்ஸுக்குப் படிக்கிறவள், வீக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று உனக்கு என்னைவிட நன்றாகக் கேட்கத் தெரியும். பதில் வராமல் போனால் உன் ஆங்கிலத்தில் தப்பு இருந்ததோ என்று யோசித்துக்கொண்டு இருக்காதே. அதற்குக் காரணம் அப்பா.